தக்காளி வழக்கில் ஓர் அவசர அஞ்சலி

போத்தனூர் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து கடைவீதிப் பக்கம் திரும்பினால் 'ஸ்ரீ ரங்கநாதா நெட் பார்க்' என்று ஒரு பலகை தெரியும். உள்ளே நெட் பார்க்க யாரும் வருவதில்லை. ஜெராக்ஸ், லேமினேஷன், ஆதார் திருத்தம், ரயில் டிக்கெட், கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி அட்டை என்று ஒரு மனிதன் பிறந்ததிலிருந்து போய்ச் சேருகிறவரை தேவைப்படும் எல்லாக் காகிதமும் அங்கே கிடைக்கும். பலகையை ஏன் இன்னும் மாற்றவில்லை என்று கேட்டால் கடைக்காரர் மோகன்குமார், "நெட்டு இன்னும் நடந்துட்டுத்தான இருக்குதுங்க?" என்பார். அவர் சொல்லும் நெட் எது என்று எனக்குத் தெரிய வெகுநாள் ஆயிற்று.

நான் அங்கே முதலில் போனது முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க. என் குடும்பத்தில் எனக்கு முன்னால் யாரும் கல்லூரிக்குப் போகவில்லை என்று அரசாங்கத்துக்கு நிரூபிக்க வேண்டும். அப்பா கூட்ஸ் ஷெட்டில் லோடு இறக்குகிறவர். நிரூபிப்பதில் சிரமம் இருக்கவில்லை. இப்போது படிப்பும் முடிந்துவிட்டது. வேலைக்கு விண்ணப்பம் போட அதே கடைக்குத்தான் போகிறேன். அனுப்பிய அடுத்த நொடியே 'உங்கள் ஆர்வத்துக்கு நன்றி' என்று பதில் வந்துவிடுகிறது. ஒரு நொடியில் பதில் வந்தால் யாரும் படிக்கவில்லை என்றுதான் பொருள். இது எனக்குப் புரிவதற்குள் ஏகப்பட்ட நன்றிகள் சேர்ந்துவிட்டன.

மோகன்குமாருக்கு இந்தக் குறை இல்லை. அவர் எழுதுவதை உலகத்தில் ஒரே ஒருவர் படித்தார். வரி விடாமல் படித்தார். அந்த ஒருவரும் போய்விட்டார் என்று அவர் நம்பிய சில நாட்களைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

மோகன்குமாருடையது காரமடைப் பக்கம் தோட்டமும் கிணறும் உள்ள குடும்பம். அண்ணன் பம்ப்செட் உதிரிபாகம் செய்யப் போனார். தம்பி நூல் வியாபாரத்துக்குப் போனார். இருவருக்கும் இப்போது கார் நிறுத்துவதற்கென்றே தனிக் கட்டடம் இருக்கிறது. நடுவில் பிறந்த இவர் பாலிடெக்னிக் முடித்து, தன் பங்குத் தோட்டத்தை விற்றுக் கம்ப்யூட்டர்கள் வாங்கிப் பிரௌசிங் சென்டர் திறந்தார். சொந்தக்காரர் கல்யாணங்களில் மூன்று பேரையும் இப்படித்தான் அறிமுகப்படுத்துவார்களாம்: "பெரியவன் பம்ப்செட் பண்றான், சின்னவன் நூல் பண்றான், நடுவுலவன் கம்ப்யூட்டர்ல சண்டை போடறான்."

அது உண்மைதான். தொண்ணூறுகளின் கடைசியில், மோடம் கத்தி ஓய்ந்து இணைப்பு கிடைத்து, கல்லூரிப் பிள்ளைகள் ஈமெயில் பார்த்துவிட்டுப் போன பிறகு கடை காலியாக இருக்கும். அந்த நேரத்தில் மோகன்குமார் கண்டுபிடித்ததுதான் நியூஸ்குரூப். அதில் படம் கிடையாது, லைக் கிடையாது, வெறும் எழுத்து மட்டும். ஒருவர் ஏதாவது எழுதினால் அது ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்குத் தாவித் தாவி உலகம் முழுக்கப் போகும். படித்தவர் அந்த வரிகளை அப்படியே எடுத்து, ஒவ்வொன்றின் முன்னாலும் ஓர் அம்புக்குறி போட்டு, கீழே தன் மறுப்பை எழுதுவார். அதற்குக் கீழே மறுப்புக்கு மறுப்பு வரும். ஒரு வாரத்தில் அம்புக்குறிகள் பக்கத்தின் பாதியை அடைத்துக்கொள்ளும்.

தமிழர் பண்பாட்டுக்கென்றே அதில் ஒரு குழு இருந்தது. எழுதியவர்கள் பெரும்பாலும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர்கள். பண்பாடு வெகு தொலைவில் இருந்ததால் அவர்களுக்கு அது முழுசாகத் தெரிந்தது. மோகன்குமார் எல்லாவற்றையும் படித்தார். பிறகு தானும் எழுத ஆசைப்பட்டு, 'புதிதாக வந்திருக்கிறேன், எழுதலாமா?' என்று ஒரு வரி போட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் 'வாங்க' என்று சொல்லாத வீட்டுக்குள் யாரும் நுழைய மாட்டார்கள். ஆகவே அவர் வாசலிலேயே நின்றார். சில மாதம் கழித்து ஒஹாயோவிலிருந்து ஒரு மாணவர் மனமிரங்கி, 'சும்மா எழுதுங்க சார், இங்கே கதவே கிடையாது' என்றார். அதன் பிறகுதான் உள்ளே போனார்.

போனவர் மாட்டியது சோற்றில். அங்கே குளிரில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பையன், 'அரிசியும் பருப்பும் சாதம் எப்படிச் செய்வது?' என்று கேட்டான். அது எங்கள் வீடுகளில் அவசரத்துக்கு ஒரே பாத்திரத்தில் பொங்குகிற சோறு. கேள்வியைப் பார்த்ததும் மோகன்குமாருக்குக் கை துடித்தது. இந்த ஒரு விஷயத்தில் உலகத்தில் எந்த முனைவரும் தன்னை மிஞ்ச முடியாது என்று நினைத்து, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகு என்று விரிவாக எழுதினார். மறுநாள் மஸ்கட்டிலிருந்து பிரான்சிஸ் என்று ஒருவர், அதற்குக் கீழே ஒரே ஒரு வரி சேர்த்திருந்தார்: 'தக்காளியை மறந்துவிட்டீர்கள்.'

மோகன்குமார் மறக்கவில்லை. அவர் வீட்டில் தக்காளி போடுவதே இல்லை. போட்டால் அதற்குப் பெயர் தக்காளிச் சோறு என்றார். போடாவிட்டால் அதற்குப் பெயர் பத்தியச் சோறு என்றார் பிரான்சிஸ்.

கேள்வி கேட்ட பையன் பிறகு சாப்பிட்டானா என்று தெரியவில்லை. சண்டை மட்டும் வளர்ந்தது. தக்காளி இந்த மண்ணின் காய் இல்லை, கப்பலில் வந்தது என்று மோகன்குமார் போர்ச்சுகீசியர்களை இறக்கினார். மிளகாயும் அதே கப்பலில்தான் வந்தது, உங்கள் தாளிப்பில் மிதப்பது என்ன என்று கேட்டார் பிரான்சிஸ். சிகாகோக்காரர் ஒருவர் ஊர் ஊராகப் புள்ளிவிவரம் எடுக்கலாம் என்றார். சிட்னியிலிருந்து வந்த ஒருவர், இருவரும் தவறு, ஆதியில் அது பூசணிக்காய் என்று சொல்லிவிட்டுக் காணாமல் போனார்.

மற்றவர்கள் அங்கே ஒருவரையொருவர் கழுதை, மூடன் என்று எழுதிக்கொண்டபோது இவர்கள் இருவரும் கடைசிவரை மரியாதை தவறவில்லை. 'மரியாதைக்குரிய பிரான்சிஸ் அவர்களுக்கு, நலம், நலமறிய ஆவல். தங்கள் அறியாமையின் ஆழம் கண்டு வியக்கிறேன்.' 'அன்புள்ள மோகன்குமார் அவர்களுக்கு, வீட்டில் அம்மணிக்குக் காய்ச்சல் தேவலையா? தங்கள் வாதத்துக்குத்தான் இனிப் பிழைப்பதற்கு வழியில்லை.' மோகன்குமாரின் அப்பா தவறியபோது, காரியம் முடியும்வரை பிரான்சிஸ் தக்காளி என்ற சொல்லையே எழுதவில்லை. காரியம் முடிந்த மறுநாள், விட்ட வரியிலிருந்து ஆரம்பித்தார்.

ஆராய்ச்சி செய்தவர்கள் எல்லாரும் பட்டம் வாங்கிப் போனார்கள். பிறகு வலைப்பூ வந்தது, முகநூல் வந்தது, கூட்டம் மொத்தமும் அங்கே குடிபோனது. பண்பாட்டுக் குழுவில் வழுக்கைக்கு மருந்து விற்கும் விளம்பரங்களும் இவர்கள் இருவரும் மட்டும் மிஞ்சினார்கள். பெரிய நிறுவனங்கள் எல்லாம் கதவைச் சாத்திய பிறகும், ஐரோப்பாவில் யாரோ ஒரு புண்ணியவான் இலவசமாக நடத்தும் சர்வரைப் பிடித்து இருவரும் தொடர்ந்தார்கள். இதற்குள் பிரான்சிஸ் மஸ்கட்டை விட்டுச் சொந்த ஊரான வால்பாறைக்கே வந்து, ஓர் எஸ்டேட் ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்த்து, அதிலிருந்தும் ஓய்வு பெற்றுவிட்டார். போத்தனூரிலிருந்து பொள்ளாச்சி போய் மலை வண்டி ஏறினால் மத்தியானத்துக்குள் பார்த்துவிடலாம். இருபத்தைந்து ஆண்டில் இருவரும் ஒரு தடவைகூடப் பார்த்துக்கொண்டதில்லை. போன் நம்பர்கூட வாங்கிக்கொள்ளவில்லை.

"ஏனுங்ணா, ஒருக்காப் போய்ப் பார்த்துட்டு வரலாமில்லீங்க?" என்று நான் கேட்டிருக்கிறேன்.

"போனா காப்பி குடுப்பாரு கண்ணு. காப்பி குடிச்ச ஊட்டுக்காரரை அப்புறம் எப்படித் திட்டறது?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

போன ஐப்பசியில் பிரான்சிஸ் திடீரென்று பேசாமல் போனார். மோகன்குமார் எது எழுதினாலும் மறுநாள் காலைக்குள் அம்புக்குறியோடு வந்து நிற்கிற மனிதர். அவரிடமிருந்து ஒரு வரியும் இல்லை. மழைக்காலம், இணைப்பு போயிருக்கும் என்று இவர் பொறுத்தார். பிறகு வேண்டுமென்றே சீண்டிப் பார்த்தார்: 'தக்காளி போடுகிறவர்களுக்குப் பருப்பின் ருசி தெரியாது.' அதற்கும் பதில் இல்லை. மோகன்குமார் வாடிக்கையாளரின் ஆதார் அட்டையை லேமினேஷன் மெஷினில் விட்டுவிட்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அட்டை சுருண்டு வந்தது.

அந்த வாரம் கடைக்கு ஒரு நினைவு அட்டை வேலை வந்தது. 'வால்பாறை திரு. பிரான்சிஸ், ஓய்வுபெற்ற எஸ்டேட் ஊழியர், கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.' மேலே ஒரு போட்டோ. கொடுத்தவர் போத்தனூரில் இருக்கும் தூரத்துச் சொந்தக்காரர். அவசரமாகக் கொடுத்துவிட்டு ரயிலுக்கு ஓடினார். பிரான்சிஸின் முகத்தை மோகன்குமார் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்தப் போட்டோவைத் திரையில் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார்.

"நான் நெனைச்ச மாதிரியேதான் இருக்கறாரு கண்ணு," என்றார். "நெத்தியப் பாரு. பிடிவாதக்காரரு."

அட்டையில் ஓர் எழுத்துப் பிழைகூட வராமல் பார்த்து அச்சடித்தார். பிறகு கடையின் பாதிக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்து, நியூஸ்குரூப்பில் பிரான்சிஸுக்கு அஞ்சலி எழுதினார். என் விண்ணப்பத்தோடு நான் பின்னால் நின்று படித்தேன். 'என் ஒவ்வொரு வரியையும் படித்த ஒரே மனிதர் மறைந்தார்' என்று ஆரம்பித்து, அன்னாரின் நினைவாற்றல், நாகரிகம், சொந்த ஊர்ப் பற்று என்று வளர்ந்து, கடைசியில் இப்படி முடிந்திருந்தது: 'அரிசியும் பருப்பும் சாதத்தில், தக்காளியை எண்ணெயில் வதக்கிச் சேர்க்கும் அன்னாரின் முறையே சரியானது. இவ்வளவு காலமும் தவறு என் மேல்தான் இருந்தது என்பதை இதன் மூலம் ஒப்புக்கொள்கிறேன்.'

"நெசமாவே ஒத்துக்கறீங்களாண்ணா?"

"கேதத்துல போய் நாயம் பேசுவியா கண்ணு? செத்தவங்ககூட வழக்கு வெச்சுக்கக் கூடாது." அனுப்பு என்ற பொத்தானை அழுத்தினார். "இனிமே படிக்கறதுக்குத்தான் ஆளில்லையே."

அடுத்து, துக்கம் விசாரிக்க வால்பாறை போக வேண்டும் என்றார். எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்குப் போகாமல் இருக்கலாம். நேரில் வந்து அழைக்கவில்லை என்று காரணம் சொல்லிக்கொள்ளலாம். கேதம் என்று ஒரு சாவு விழுந்தால் மட்டும் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளியும் போயே ஆக வேண்டும். அவர் மனைவி கீதா அக்கா முதலில் ஒப்பவில்லை.

"ஆருன்னே தெரியாத ஊட்டுக்கு எழவுக்கு வரச் சொல்றீங்களா?"

"எனக்குத் தெரியும்."

"சண்டைக்காரருங்க அவரு!"

"சண்டைக்காரர் ஊட்டுக்குத்தான் கண்டிப்பாப் போகோணும்."

அக்கா புடவை மாற்றப் போனார். மலை ஏறினால் வாந்தி வரும், துணைக்கு நீ வா என்று என்னைக் கூப்பிட்டார். எனக்கு அன்று வேறு வேலை இல்லை. எந்த நாளிலும் இல்லை.

பூக்கடையில் மோகன்குமார் ரோஜா மாலை வாங்கினார். படத்துக்குப் போடுகிற அளவு. துக்க வீட்டுக்குப் பழமோ பலகாரமோ கொண்டுபோகக் கூடாது என்பதால் வேறெதுவும் வாங்கவில்லை. வழியெல்லாம் கீதா அக்கா அவருக்குப் பாடம் எடுத்தார். "கெளம்பறப்ப 'போய்ட்டு வாரேன்'னு சொல்லிப்போடாதீங்க. பேசாம எந்திரிச்சு வந்துரோணும்." ஆழியாறு தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பித்ததும் பாடம் நின்றது. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வால்பாறையில் இறங்கி டீக்கடையில் விசாரித்தோம். "பிரான்சிஸா? இங்க சந்துக்கு ஒரு பிரான்சிஸுங்க. எந்தப் பிரான்சிஸு?" என்றார் டீ ஆற்றுகிறவர்.

"கம்ப்யூட்டர்ல எழுதுவாருங்களே."

"கம்ப்யூட்டர் பிரான்சிஸா? அந்த நீல கேட்டு." தாடையால் காட்டிவிட்டு அடுத்த கிளாஸை எடுத்தார்.

நீல கேட்டுக்கு முன்னால் பந்தலோ நாற்காலிகளோ இல்லை. ஆனால் கீதா அக்கா பல கேதம் பார்த்தவர். வாசலுக்கு வந்தால் அழுகை தானாக வந்துவிடும். கேட்டைத் திறந்து வெளியே வந்த அம்மாவைக் கட்டிக்கொண்டு, "என்ற தாயே, உன்னையத் தனியா உட்டுப்போட்டாரே!" என்று குரலெடுத்தார். அந்த அம்மா ஜெசிந்தா, பிரான்சிஸின் மனைவி. கட்டிக்கொண்டு அழுகிற பெண்ணிடம் உடனே காரணம் கேட்பது மரியாதை இல்லை என்று நினைத்தாரோ என்னவோ, அவரும் சேர்ந்து அழுதார். நல்ல மழைத்தூறல். மோகன்குமார் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தலைகுனிந்து நின்றார்.

"ஜெசி, யாரு அது? லைன்மேன் வந்துட்டாரா?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாயும் போட்ட ஒருவர் வெளியே வந்தார். அட்டைப் போட்டோவில் இருந்த நெற்றி இவருக்கு இல்லை. "யாருங்க நீங்க? எதுக்கு அழறாங்க?"

மோகன்குமார் துண்டை வாயிலிருந்து எடுக்க மறந்து, "நீங்க?" என்றார்.

"பிரான்சிஸ்."

"கம்ப்யூட்டர்ல..."

"ஆமாங்க."

கீதா அக்காவின் அழுகை பாதியில் நின்றது. ஜெசிந்தா அம்மா மட்டும் இன்னும் கொஞ்சம் அழுதார்.

"நான் மோகன்குமாருங்க," என்றார் மோகன்குமார். "போத்தனூர்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இருபத்தைந்து ஆண்டு வசவும் அந்த ஈர வாசலில் எங்கே போனது என்று தெரியவில்லை. பிரான்சிஸ் குல்லாயைக் கழற்றினார். "வாங்க, வாங்க. உள்ள வாங்க. அம்மணி ஏன் அழறாங்க?"

"அதுங்களா..." மோகன்குமார் மனைவியைப் பார்த்தார். "மலை ஏறுனா இவளுக்கு இப்படித்தானுங்க. கொண்டை ஊசி ஒத்துக்காது. இறங்குனதும் ஆரையாச்சும் புடிச்சு அழுதுபோடுவா."

கீதா அக்கா அவரைப் பார்த்த பார்வையில் வாந்தி, கோபம், கல்யாண வாழ்க்கை எல்லாம் இருந்தன.

உள்ளே உட்கார்ந்ததும் சங்கடங்கள் வரிசையாக வந்தன. முதலாவது, வெறுங்கையோடு வந்திருந்தோம். அக்கா ரகசியமாகக் காசு கொடுத்து என்னைக் கடைக்கு அனுப்பி வாழைப்பழமும் பிஸ்கட்டும் வாங்கி வரச் செய்தார். இரண்டாவது, மாலை. பையிலிருந்து ரோஜா இதழ்கள் எட்டிப் பார்த்ததை ஜெசிந்தா அம்மா கவனித்துவிட்டார். வேறு வழியில்லாமல் மோகன்குமார் எழுந்து, "நம்ம விவாதத்துக்கு இருபத்தஞ்சு வருசம் ஆச்சுங்க. ஒரு மரியாதைக்கு," என்று மாலையைப் பிரான்சிஸுக்குப் போடப் போனார். படத்தின் அளவுக்குக் கட்டிய மாலை. நெற்றியைத் தாண்டி இறங்கவில்லை. காதுகளில் மாட்டிக்கொண்டு நின்றது.

"சின்னதா இருக்குதுங்களே," என்றார் பிரான்சிஸ், மாலைக்குள்ளிருந்து.

"போத்தனூர்ல இந்த அளவுதானுங்க கிடைக்குது."

யானை கம்பத்தைச் சாய்த்ததில் அந்தத் தெருவுக்கே இணைப்பு போய்விட்டதாம். அதைச் சரிசெய்ய வருவதாகச் சொன்னவரும் யானைக்குப் பயந்து தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார். "உங்க பதிவெல்லாம் படிக்காமக் கையே ஓடலைங்க. ஏதாச்சும் போட்டீங்களா?" என்று பிரான்சிஸ் ஆசையாகக் கேட்டார்.

நியூஸ்குரூப்பில் போட்டது போட்டதுதான். அழிக்கச் சொல்லி ஒரு கட்டளை இருக்கிறதாம். எந்தச் சர்வரும் அதை மதிப்பதில்லையாம். இணைப்பு வந்ததும் பிரான்சிஸ் முதலில் படிக்கப்போவது தன்னுடைய சாவையும் தன்னுடைய வெற்றியையும்தான். "சும்மா... பொதுவா நாலு வார்த்தை போட்டேனுங்க," என்றார்.

சாப்பிடாமல் போகக் கூடாது என்று இலை போட்டார்கள். ஜெசிந்தா அம்மா கொண்டுவந்து வைத்தது அரிசியும் பருப்பும் சாதம். மேலே சிவப்பாகத் தக்காளித் தோல் சுருண்டு கிடந்தது. நான் மோகன்குமாரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு வாய் வைத்தார். நிதானமாக மென்றார். எல்லாரும் காத்திருந்தார்கள்.

"நல்லாருக்குதுங்க," என்றார். மரியாதைக்குச் சொன்னாரா, நிஜமாகவே நன்றாக இருந்ததா என்று அவர் முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. எனக்கு நன்றாக இருந்தது.

"அந்தக் காலத்துல எஸ்டேட் ரேசன்ல பருப்பு கொஞ்சந்தான் குடுப்பாங்க," என்று ஜெசிந்தா அம்மா இரண்டாம் கரண்டி வைத்தபடி சொன்னார். "எங்க மாமியார் தக்காளியப் போட்டுத்தான் நிரப்புவாங்களாம். அதுவே பழகிப்போச்சு."

"அதெல்லாம் இப்ப எதுக்கு?" என்றார் பிரான்சிஸ்.

மோகன்குமார் அதைக் கேட்ட மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. கப்பல், மிளகாய், பூசணி என்று இத்தனை ஆண்டு பேசியும் பிரான்சிஸ் தன் அம்மாவின் ரேசன் பருப்பை மட்டும் குழுவில் இறக்கவில்லை. அதை எழுதியிருந்தால் வழக்கு அன்றே முடிந்திருக்கும். ஏன் எழுதவில்லை என்று எனக்குப் புரியாமல் இல்லை. என் விண்ணப்பத்தில் அப்பாவின் தொழில் என்ற இடத்தில் 'சரக்குப் போக்குவரத்துத் துறை' என்று போட்டிருக்கிறேன்.

கை கழுவும்போது லைன்மேன் வந்துவிட்டார். சிறிது நேரத்தில் உள்ளறையில் மோடம் பச்சையாக மினுங்கியது. பிரான்சிஸ் துள்ளி எழுந்தார். "சித்த இருங்க, குரூப்பைப் பார்த்துட்டு வந்தர்றேன்."

"கடைசி பஸ்ஸு போயிருமுங்க," என்று மோகன்குமார் செருப்பைத் தேடினார்.

"மணி ரெண்டுதானுங்க ஆகுது," என்றார் கீதா அக்கா. கொண்டை ஊசிக்குப் பழி வாங்கிவிட்டார்.

ஆனாலும் கிளம்பினோம். துக்க வீட்டுப் பழக்கத்தில் மோகன்குமார் எதுவும் சொல்லாமலே வாசல் தாண்டினார். அக்கா இடுப்பில் ஒரு குத்து விட்டு, "உசுரோட இருக்கறவருங்க, சொல்லிட்டு வாங்க," என்று கிசுகிசுத்தார். அவர் திரும்பி நின்று, "போய்ட்டு வாரேனுங்க," என்றார்.

பஸ்ஸில் அவர் துண்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். தோற்றதற்காக வருத்தம் என்று நான் நினைத்தேன்.

"உடுங்ணா. அவரு பொழைச்சிருக்கறதே சந்தோசந்தான?"

"சந்தோசந்தான் கண்ணு. நான் அதுக்குச் சொல்லலை." ஜன்னலில் தேயிலை வழுக்கிக்கொண்டு போனது. "எல்லாத்தையும் ஒத்துக்கிட்டேன். பத்தாததுக்கு அவரு ஊட்டுச் சோத்தையும் தின்னுபோட்டு நல்லாருக்குதுன்னும் சொல்லிப்போட்டேன். இனி அவரு என்னத்தை எழுதறது? நான் என்னத்தை எழுதறது? எழுதுனா ஆரு படிக்கறது?"

எனக்கு வரும் நன்றிகளை நினைத்துக்கொண்டேன். கீதா அக்கா தூங்கிவிட்டிருந்தார்.

மறுநாள் நான் கடைக்குப் போனபோது ஜெராக்ஸுக்கு இரண்டு பேர் நின்றிருந்தார்கள். மோகன்குமார் கம்ப்யூட்டரைப் போடாமலே உட்கார்ந்திருந்தார். "நீ பாரு கண்ணு. எனக்கு மனசு வரலை," என்றார். நான் திறந்தேன். வழுக்கை மருந்து விளம்பரத்துக்குக் கீழே பதில் காத்திருந்தது. அவருடைய அஞ்சலி முழுக்க அம்புக்குறிகள். நான் சத்தமாகப் படித்தேன்.

'அன்புள்ள மோகன்குமார் அவர்களுக்கு, அம்மணிக்கு மலை இறங்கியதும் தேவலையா?

> என் ஒவ்வொரு வரியையும் படித்த ஒரே மனிதர் மறைந்தார்

இத்தகவல் சரிபார்க்கப்படாமல் வெளியிடப்பட்டுள்ளது. தங்கள் ஆய்வு முறையே இப்படித்தான் என்று நான் நெடுநாளாகச் சொல்லி வருகிறேன். தாங்கள் போட்ட மாலை எங்கள் வீட்டுக் கர்த்தர் படத்துக்குச் சரியாக இருக்கிறது. நன்றி.

> தவறு என் மேல்தான் இருந்தது

ஏற்றுக்கொள்கிறேன்.'

மோகன்குமார் கண்ணை மூடிக்கொண்டார். நான் கீழே நகர்த்தினேன்.

'> தக்காளியை எண்ணெயில் வதக்கிச் சேர்க்கும் அன்னாரின் முறை

நான் எந்தக் காலத்தில் வதக்கினேன்? தக்காளியைப் பச்சையாக நறுக்கி அரிசியோடு போடுவதே எங்கள் முறை. வதக்குவது ஓட்டல்காரர்கள் வேலை. நேற்று ஓர் இலை நிறையச் சாப்பிட்டபோதாவது தெரிந்திருக்கும். இதுகூடத் தெரியாமல் ஒருவர் எனக்கு அஞ்சலி எழுதியது வேதனை அளிக்கிறது. விளக்கம் தேவை.'

மோகன்குமார் கண்ணைத் திறந்தார். "பச்சையாவா?" என்றார். நாற்காலியை முன்னால் இழுத்தார். "பச்சையாப் போட்டா புளிப்பு எறங்கி அரிசி வேகாதே! வதக்காம எப்படிப் போடுவாரு?" கை தட்டச்சுப் பலகைக்குப் போய்விட்டது. 'மரியாதைக்குரிய பிரான்சிஸ் அவர்களுக்கு, நலம்...'

"ஏனுங்க, ஜெராக்ஸு..." என்றார் நின்றிருந்தவர்.

"சித்த இருங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். சாட்சி தேடுகிற முகம். "கண்ணு, உங்கூட்டுல எப்படி? வதக்குவீங்களா, அப்படியே போடுவீங்களா?"

அவர் இதை என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. கிணத்துக்கடவுச் சந்தையில் விலை விழுந்து தக்காளியை ரோட்டில் கொட்டும்போது அப்பா கோணிப்பையில் அள்ளி வருவார்.

"எங்கூட்டுல பருப்பு இருந்தா தக்காளி போட மாட்டாங்கண்ணா," என்றேன். "தக்காளி போட்டா பருப்பு இருக்காது."

அவர் விரல்கள் நின்றன. திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஜெராக்ஸுக்கு நின்றவர் இருமினார்.

"அது வேற தலைப்பு கண்ணு," என்றார் கடைசியில். "இதுல கொண்டாந்து கலக்கக் கூடாது. நீயே புதுசா ஒண்ணு ஆரம்பிச்சு எழுதிப் போடு." மறுபடியும் தட்ட ஆரம்பித்தார். "நாங்க ரெண்டு பேரும் வந்து திட்டறோம். வரி விடாமப் படிச்சுப் போட்டுத்தான் திட்டுவோம், பயப்படாத."